வீடு விற்கத் தரகர் வேண்டுமா?

மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். இருவருக்கும் நடுவே தோளில் துண்டுடன் மூன்றாமவர் ஒருவர் நிற்பார். அவர் துண்டை விரித்து, அதன் மறைவில் ஒருவர் கையைப் பிடித்து விரல்களை அழுத்துவார். பிறகு மற்றவர் கையைப் பிடித்து அழுத்துவார். வாய் ஒன்றும் பேசாது. விரல்களே விலை பேசும். சற்று நேரத்தில் மாடு கைமாறும். நடுவில் நின்றவர் தம் தரகைப் பெற்றுக்கொண்டு அடுத்த மாட்டுக்குச் செல்வார்.

மத்திகிரியில் வளர்ந்த எனக்குச் சிறு வயதில் இக்காட்சி பெரும் வியப்பை அளித்தது. மாடும் அவருடையதன்று, பணமும் அவருடையதன்று. பின் எதற்காக இருவரும் அவருக்குப் பணம் கொடுக்கின்றனர் என்று என் தந்தையாரைக் கேட்டேன். "இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை, இருவரும் அவரை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் கூலி" என்றார் அவர். அந்த விடையின் முழுப் பொருளும் எனக்கு விளங்குவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. எங்கள் வீட்டையே விற்கவேண்டி வந்த 2024ஆம் ஆண்டில்தான் அது விளங்கிற்று. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, தரகுக்குச் செலவிடும் பணம் தகுமா, தகாதா என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். மாணவர்களுக்கு வீடு விற்கும் வேலை இன்று இல்லை. ஆனால் கணக்கு நாளைக்கு உதவும்.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தோன்றிப் பின்னர்க் கால்நடைப் பண்ணையாக மாறிய பெரும் பண்ணையினால் பெயர் பெற்ற ஊர் மத்திகிரி. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. மோட்டார் வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. மேய்ச்சல் நிலங்கள் மனைகளாயின. 2011இல் மத்திகிரி ஓசூர் நகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர் இது. இங்கே வீடு வாங்க வருபவர் தொழிற்சாலை ஊழியராகவும் இருக்கலாம். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பெங்களூர்வாசியாகவும் இருக்கலாம். ஆகையால், வீட்டுக்கு உரிய விலை என்ன என்று எவராலும் எளிதில் சொல்ல இயலாது.

எங்கள் தந்தையார் பண்ணையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பின் கட்டிய வீடு அது. அவர் மறைந்த பிறகு தாயார், அண்ணன், நான், தங்கை ஆகிய நால்வரும் அதற்கு உரியவர்களானோம். தங்கை மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சில மாதங்களுக்குள் பெருந்தொகை கட்டவேண்டும். இல்லையேல் வட்டிக்கு வாங்கவேண்டும். வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். அண்டை அயலார் 60 லட்சம் ரூபாய் வரை போகும் என்றார்கள். தரகர் ஒருவரைக் கேட்டோம். நூற்றுக்கு 2 என்றார். அதாவது 1,20,000 ரூபாய். "ஒரு ஆளைக் கொண்டுவந்து காட்டுவதற்கு இவ்வளவா? அந்தப் பணம் ஒரு பருவக் கட்டணத்துக்கு ஆகுமே, அண்ணா!" என்று தங்கை மனம் கசந்து கூறினாள். நாங்களே விற்பதென்று துணிந்தோம்.

இவ்விடத்தில் சற்று நின்று சட்டத்தைப் பார்ப்போம். பழைய வீட்டை விற்றுக்கொடுப்பதற்குத் தரகு இவ்வளவுதான் என்று நம் நாட்டில் சட்டம் ஒன்றும் வரையறுக்கவில்லை. நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்பதெல்லாம் வழக்கமே, பேசித் தீர்த்துக்கொள்வதே. 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுபெற வேண்டிய புதிய மனைத் திட்டங்களிலும் அடுக்குமாடித் திட்டங்களிலும் விற்பனைக்கு உதவும் முகவர்கள் அரசு ஆணையத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்கிறது. தெருமுனையில் பழைய வீட்டுக்கு ஆள் பார்த்துத் தரும் தரகருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அவரையும் கட்டுப்படுத்தும் பழைய சட்டம் ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே அது. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை, வேலை முடிந்த பின்னரே முகவருக்குக் கூலி உரியதாகும் என்று அதன் 219ஆம் பிரிவு கூறுகிறது. தம் வேலையில் முறைகேடு செய்த முகவர், அந்த அளவுக்குக் கூலி கேட்க உரிமையற்றவர் என்கிறது 220ஆம் பிரிவு. உரியவர் அறியாமல் முகவர் தமக்கென்றே வாணிகம் செய்து பெற்ற ஆதாயத்தை, உரியவர் கேட்டுப் பெறலாம் என்கிறது 216ஆம் பிரிவு.

இந்த 216ஆம் பிரிவு எதற்கு என்று கேட்பீர்கள். சில தரகர்கள், "உங்களுக்கு 55 லட்சம் தந்துவிடுகிறேன், மேலே கிடைப்பது என் பாடு" என்பார்கள். அறிந்து ஒப்புக்கொண்டால் அது ஓர் ஒப்பந்தம். ஒப்புக்கொள்ளாதபோது, வாங்குபவரிடம் 60 என்று சொல்லி, விற்பவரிடம் 55 என்று சொன்னால், அது மறைவான கொள்ளை. தரகு நூற்றுக்கு இரண்டுதான் என்று நாம் எண்ணியிருக்க, உண்மையில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் போயிருக்கும். ஆகவே வெளியே தெரியும் தரகைவிட, வெளியே தெரியாத தரகையே அஞ்சவேண்டும்.

இனி, தரகர் செய்யும் வேலைதான் என்ன? நான்காகப் பிரித்துப் பார்க்கலாம். விலையை மதிப்பிடுவது ஒன்று; வாங்குபவரைத் தேடுவது இரண்டு; பேரம் பேசி முடிப்பது மூன்று; ஆவணங்களைச் சீர்செய்து பதிவு வரை கொண்டுபோவது நான்கு. இந்நான்கையும் நாமே செய்தால் என்ன செலவாகும் என்று கணக்கிட்டால்தான், 1,20,000 ரூபாய் மிகையா, தகுமா என்று சொல்ல இயலும்.

நான்காவது வேலையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் இதுவே மிக எளிதில் மலிவாகக் கிடைப்பது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த ஆவணத்தினால்தான் விற்கமுடியும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. வில்லங்க விவரத்தை இன்று பதிவுத் துறையின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். பட்டாவையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கிரயப் பத்திரத்தை ஆவண எழுத்தரோ வழக்கறிஞரோ சில ஆயிரம் ரூபாய்க்கு எழுதித் தருவர். தரகர் இல்லாமலே இது நடக்கும்.

விலை மதிப்பிடுதல் இதைவிடக் கடினம். அரசின் வழிகாட்டி மதிப்பு இணையத்தில் கிடைக்கும். ஆனால் அது முத்திரைத் தீர்வைக்காக ஏற்பட்டது. சந்தை விலையைச் சொல்வதன்று. அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற நான்கு வீடுகளின் விலையை விசாரித்தறிய வேண்டும். பத்திரத்தில் எழுதிய விலை எல்லா இடத்திலும் உண்மை விலையாக இருப்பதில்லை என்பது வருந்தத்தக்க செய்தி.

வாங்குபவரைத் தேடும் வேலைக்குத்தான் இக்காலத்தில் மலிவான வழிகள் பல தோன்றியுள்ளன. வாசலில் பலகை மாட்டலாம். நாளிதழில் வரி விளம்பரம் கொடுக்கலாம். தொழிற்சாலை நண்பர்களிடம் சொல்லிவைக்கலாம். இணையத்தளங்களில் படத்துடன் வெளியிடலாம். எங்கள் பக்கத்து ஊரான பெங்களூரிலேயே 2014இல் 'நோபுரோக்கர்' என்னும் நிறுவனம் தோன்றிற்று. தரகு இல்லை என்பதையே பெயராகக் கொண்டது அது. விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு என்று கேளாமல், உறுப்பினர் கட்டணமும் பிற பணிகளுக்கான கட்டணமும் பெற்று நடப்பது. 2021இல் அதன் மதிப்பு 100 கோடி டாலரை எட்டியது. தரகுக்கு அஞ்சும் மக்கள் எத்துணைப் பேர் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் மலிவான வழி எல்லாம் வெற்றி வழி ஆகிவிடாது. இங்கிலாந்தில் 'பர்ப்பிள்பிரிக்ஸ்' என்னும் நிறுவனம், நூற்று வீதம் வாங்காமல் ஒரே நிலையான கட்டணம் பெற்று வீடு விற்றுத்தர முன்வந்தது. வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் அக்கட்டணம் கட்டவேண்டும். ஒரு காலத்தில் 100 கோடி பவுனுக்கு மேல் மதிப்பிடப்பட்ட அந்நிறுவனம், 2023இல் ஒரே ஒரு பவுனுக்கு விற்கப்பட்டது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. நமக்குப் பாடம் ஒன்று. முன்கூட்டியே கூலி பெற்றவருக்கு வேலையை முடிக்கும் ஊக்கம் குறையலாம்.

அப்படியானால் நூற்று வீதம் பெறும் தரகர் முழு ஊக்கத்தோடு உழைப்பாரா? அதிலும் ஒரு நுட்பம் உண்டு. எங்கள் வீட்டை 58 லட்சத்துக்கு விற்றால் 2 வீதப்படி தரகருக்கு 1,16,000. இன்னும் ஒரு மாதம் காத்திருந்து 60 லட்சத்துக்கு விற்றால் 1,20,000. எங்களுக்கு 2 லட்சம் கூடுதல்; அவருக்கு 4,000தான் கூடுதல். அந்த 4,000க்காக அவர் ஒரு மாதம் நடப்பாரா? "கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றே சொல்லத் தோன்றும். அமெரிக்காவில் சிகாகோ நகரைச் சார்ந்த பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை லெவிட், சைவர்சன் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீட்டைவிட ஏறத்தாழ 9 அல்லது 10 நாள் கூடுதலாகக் காத்திருந்து, நூற்றுக்கு 3.7 வீதம் கூடுதல் விலை பெற்றனர் என்று கண்டனர். தன் வீடென்றால் பொறுமை. பிறர் வீடென்றால் விரைவு. இது மனித இயல்பு.

இதே நாட்டில் மாடிசன் என்னும் நகரில், தாமே விற்றோரையும் தரகர் வழி விற்றோரையும் ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சி 2009இல் வெளிவந்தது. தரகர் வழி விற்றோருக்கு, தரகைக் கழிக்கும் முன்னரும்கூடக் கூடுதல் விலை கிட்டவில்லை. தாமே விற்றோர் தரகை மீதப்படுத்தினர். ஆனால் தாமே விற்க முயன்றோர் பலருக்கு வீடு விற்க நாள் கூடுதலாயிற்று. சிலர் விற்க இயலாமல் பின்னர்த் தரகரையே நாடினர். ஆகவே தரகு என்பது பெரும்பாலும் விலைக்குக் கொடுக்கும் கூலியன்று. காலத்துக்குக் கொடுக்கும் கூலி. காலம் யாரிடம் உண்டோ அவர் தாமே விற்கலாம். காலம் யாரிடம் இல்லையோ அவர் அதை விலைக்கு வாங்கவேண்டும்.

தரகு வீதமும் மாற்ற முடியாத மலையன்று. அமெரிக்காவில் நெடுங்காலமாக நூற்றுக்கு 5 அல்லது 6 வீதம் விற்பவர் தலையில் விழுந்து, இரு தரப்புத் தரகர்களும் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். விற்றவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023 அக்டோபரில் சான்றாயம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் தரகர் சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க இசைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் விதிகளும் மாறின. வழக்கம் என்று நாம் தலைவணங்குவது பல வேளைகளில் கேள்வி கேளாமையின் பயனே என்பது இதனால் தெளிவாகும்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். பலகை, விளம்பரம், இணையத்தளக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் வரை செலவிட்டோம். தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. அழைத்தவர்களிற் பாதிப்பேர் தரகர்களே! எஞ்சியவர்களில் பலர் விலை கேட்டுவிட்டு மறைந்தனர். கன்னடம் மட்டும் பேசும் குடும்பம் ஒன்று பெங்களூரிலிருந்து வந்தது. அண்ணனுக்கும் எனக்கும் கடைத்தெருக் கன்னடமே வரும். பேரம் பேசும் கன்னடம் வரவில்லை. 70 நாட்களில் வந்த மிக உயர்ந்த விலை 54 லட்சம். அதே காலத்தில், எங்கள் தெருவிலேயே தொழிற்சாலை ஊழியர் ஒருவர் தம் வீட்டை உடன் வேலை செய்பவருக்குத் தரகே இல்லாமல் மூன்று வாரத்தில் நல்ல விலைக்கு விற்றுவிட்டார். அவருக்கு ஆள் கையருகே இருந்தார், எங்களுக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

கல்லூரித் தவணை நெருங்கிற்று. வேறொரு தரகரை நாடினோம். வயது முதிர்ந்தவர், மூன்று மொழியும் தெரிந்தவர். வந்ததும் அவர் வீட்டைப் பார்க்கவில்லை, பத்திரங்களைக் கேட்டார். "அம்மா, பட்டா இன்னும் ஐயா பெயரிலேயே இருக்கிறதே. முதலில் வாரிசுச் சான்று வாங்குங்கள். நால்வரும் கையெழுத்திட வருவீர்கள் என்று தெரிந்தால்தான் நல்ல ஆள் வருவார்" என்றார். எழுபது நாள் எங்களுக்குத் தோன்றாதது அது! 54 லட்சம் கேட்டவர், இந்தக் குறைக்காகவே விலையைக் குறைத்திருந்தார் என்பது பின்னர்த் தெரிந்தது. நாங்கள் பேசினோம், ஒன்றரை வீதத்துக்கு இசைந்தார். பதிவு நாளில்தான் கூலி, மறைவான ஆதாயம் எதுவும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டோம். வாங்குபவரிடமும் கூலி பெறப்போவதாக அவர் மறைக்காமலே சொன்னார்.

சான்று கிடைத்தபின், ஐந்தாவது வாரத்தில் அவர் ஓர் ஆளைக் கொண்டுவந்தார். விலை 59 லட்சத்தில் நின்றது. இரண்டு நாள் கழித்து அந்த ஆள் தனியே அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தார். "வீட்டைப் பார்த்தாயிற்று, பேசியாயிற்று. இனித் தரகர் எதற்கு? விற்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து நேரே பதிவு செய்வோம். இருவருக்கும் மிச்சம்" என்றார். எங்கள் பங்கில் மிச்சம் 88,500 ரூபாய். அண்ணன் தயங்கினார். தங்கையும் பேசாமலிருந்தாள்; அவள் மனத்தில் ஓடிய கணக்கு எனக்குத் தெரியும். என் மனத்திலும் அதே கணக்கு ஓடிற்று என்பதை மறைப்பதற்கில்லை.

தாயார் ஒருவரே கேட்டார்: "அந்த ஆளை யார் கூட்டிவந்தது?" நாங்கள் பதில் சொல்லவில்லை. "இன்றைக்கு அவரை ஏமாற்றச் சொல்கிறவன், நாளைக்குப் பதிவு அலுவலகத்தில் நம்மை என்ன சொல்வான்?" என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது. மறுநாளே தரகரை அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "வழக்கமாக நடப்பதுதான்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லில் எத்தனை வீடுகளின் வரலாறு அடங்கியிருந்ததோ! அவரே ஆளிடம் பேசினார். விலை மாறாமல் பதிவு நடந்தது. தரகு போக எங்கள் கைக்கு 58,11,500. தங்கை மகள் வட்டிக்கடன் இல்லாமல் கல்லூரியில் சேர்ந்தாள்.

ஒரு குடும்பத்தின் அனுபவம் உலகத்துக்கு விதியாகாது. அந்தத் தொழிற்சாலை ஊழியர் செய்ததும் சரியே. நாங்கள் செய்ததும் சரியே. எனினும் சில நெறிகளை நீங்கள் நினைவிற் கொள்ளலாம்.

முதலாவது, ஆவணங்களைச் சீர்செய்த பிறகே விலை பேசவேண்டும். தரகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். இப்பகுதியில் அங்கீகாரமற்ற மனைகளும் உண்டு. அவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் நடந்த மனை விற்பனைகளையே அவை கருதின. இதை விசாரித்தறிய வேண்டும்.

இரண்டாவது, காலம் இருந்தால் முதலில் நாமே முயலலாம். அதற்கும் ஒரு கெடு வைத்துக்கொள்ளவேண்டும். எங்கள் பிழை கெடு வைக்காததே.

மூன்றாவது, தரகரை அமர்த்தினால் வீதம், கூலி கொடுக்கும் நாள், மறுபக்கத்திலும் கூலி பெறுகிறாரா என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். கொடுத்த தரகுக்கு ரசீது பெற்றால், விற்பனை ஆதாயத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது அச்செலவைக் கழிக்கவும் வழியுண்டு.

நான்காவது, பணம் வங்கி வழியே வரவேண்டும். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுத்துள்ளது. 50 லட்சமும் அதற்கு மேலும் ஆன விற்பனையில் வாங்குபவர் நூற்றுக்கு ஒன்று பிடித்து, விற்பவர் கணக்கில் அரசுக்குச் செலுத்தவேண்டும்.

ஐந்தாவது, எந்தச் செலவு பெரிது என்று அளந்து பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பொதுவாக நூற்றுக்கு 9 ஆகின்றன. வாங்குபவரே அவற்றைத் தாங்குவது வழக்கம். ஒன்றரை வீதத் தரகுக்கு ஒரு வாரம் சண்டையிடும் மக்கள், இந்த 9 வீதத்தை முன்கூட்டி எண்ணாமல் கடைசி நாளில் திகைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பதிவு முடிந்த மாலையில் நாங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். தரகர் தம் கூலிக் காசோலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தாயாரை வணங்கி விடைபெற்றார். சந்தையில் துண்டின் மறைவில் பேசிய விரல்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. எங்கள் பேச்சு தாளின்மேல் நடந்தது. மறைவு ஒன்றும் இருக்கவில்லை. தரகு கொடுப்பதா, கொடுக்காமல் விற்பதா என்பது கணக்கைப் பொறுத்தது. அதை ஒவ்வொருவரும் தம் தேவைக்கேற்பப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒருவருடைய உழைப்பை வாங்கிக்கொண்டபின் அதற்குரிய கூலியைக் கொடுப்பதா, வேண்டாமா என்பது கணக்கைப் பொறுத்ததன்று.